வேற்றுவீட்டு மகள்: ஜீன் பிறிக்ஸின் இனுயிற் குடும்பச் சித்திரம் பற்றிய ஒரு நோக்கு

1

மானிடவியலாளர் எழுதிய நூல்களைத் தொடர்ந்து படிக்கும் மாணவன் ஒருவன், அவற்றில் ஒரு செய்தி பெரும்பாலும் விடுபட்டிருப்பதை விரைவில் உணர்வான். ஒரு சமூகத்தின் உறவுமுறை, மணமுறை, சடங்கு, உற்பத்திமுறை ஆகிய யாவும் அங்கு விரித்துரைக்கப்பட்டிருக்கும். ஆயின், அவற்றை எழுதியவர் அச்சமூகத்தில் யார் வீட்டில் உறங்கினார், யார் கையால் உண்டார், அவ்வீட்டார் அவரைப் பற்றி என்ன எண்ணினர் என்பன பெரும்பாலும் கூறப்பட்டிரா. ஆய்வாளர் கண்ணாக மட்டும் அங்கு நடமாடினார் என்று நம்பவைக்கும் நடையே இத்துறையில் நெடுங்காலம் கோலோச்சியது.

இவ்வாறு விடுபட்ட செய்தி அற்பமானதன்று. வேற்றுப் பண்பாடொன்றைக் கற்கச் செல்பவர் முதலிற் கற்பது, தமக்கு இடமளித்த வீட்டின் வழக்கத்தையே. அவர் சேகரிக்கும் தகவலிற் பெரும்பகுதி அவ்வீட்டு அடுப்பங்கரையிலும் படுக்கையிடத்திலும் கிடைப்பதாகும். அவ்வீட்டாருடன் அவருக்கு வாய்த்த நட்பும் மனத்தாங்கலும் அவர் கண்டவற்றையும் காணத் தவறியவற்றையும் நிர்ணயிக்கின்றன. ஆகவே, விருந்தினராக வாழ்ந்த அனுபவத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் ஆய்வு, தன் சான்றுகள் பெறப்பட்ட வழியையே மறைத்துவிடுகின்றது எனலாம்.

இம்மறைப்பைச் சிலர் வெவ்வேறு வகையில் மீற முயன்றுள்ளனர். நவீன களஆய்வு முறையின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்படும் மலினோவ்ஸ்கி, 1922 இல் வெளியிட்ட ரொபிறியாண்ட் தீவினர் பற்றிய பெருநூலில், கிராமத்தின் நடுவிற் கூடாரமடித்து அம்மக்களோடு வாழ்தலின் சிறப்பை வற்புறுத்தினார். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்தபின், 1967 இல், அவரது நாட்குறிப்பு அச்சேறியபோது, அக்கூடாரத்தினுள் இருந்தவர் தனிமையாலும் எரிச்சலாலும் அம்மக்கள்மீது கொண்ட வெறுப்பாலும் அலைக்கழிக்கப்பட்டமை தெரியவந்தது. நைஜீரியாவின் ரிவ் மக்களிடையே வாழ்ந்த லோறா பொஹானன், தம் அனுபவத்தை எழுத விரும்பியபோது அதனை நாவலாக ஆக்கி, 1954 இற் புனைபெயரொன்றில் வெளியிட்டார். ஒருவர் நாட்குறிப்பில் மறைத்தார்; மற்றவர் நாவலில் மறைத்தார். ஆய்வுநூலின் உடலுக்குள்ளேயே விருந்தினரின் வாழ்வை வைத்து, அதனை ஆய்வுக்குரிய சான்றாகவே கொண்ட நூல்களுள், ஜீன் பிறிக்ஸ் 1970 இல் வெளியிட்ட 'ஒருபோதுஞ் சினவாது: ஓர் எஸ்கிமோக் குடும்பத்தின் சித்திரம்' தனித்து நோக்கத்தக்கது. ஹாவாட் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இந்நூலை, ஆய்வுநூலாகவும் இலக்கியமாகவும் மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். எஸ்கிமோ என்னும் பெயர் அம்மக்களால் இன்று விரும்பப்படுவதில்லை. இனுயிற் என்பதே அவர்கள் தமக்கு இட்ட பெயர். நூற்றலைப்பில் அன்றி வேறிடங்களில் அப்பெயரே இங்கு ஆளப்படும்.

2

ஜீன் பிறிக்ஸ் (1929–2016) அமெரிக்கர். பின்னாளிற் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலுள்ள மெமோறியல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். 1963 இல், முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு, கனடாவின் ஆட்டிக் பிரதேசத்திலுள்ள பாக் ஆற்றின் முகத்துவாரத்துக்குச் சென்றார். அங்கு வாழ்ந்த உட்கு எனச் சுருக்கமாக வழங்கும் இனுயிற் குழுவினர் ஏறத்தாழ இருபது முதல் முப்பத்தைந்து பேர் மட்டுமே. 35,000 சதுர மைல் அளவான நிலப்பரப்பில் அவர்களைத் தவிர வேறு குடிகள் இலர். மிக அண்மையிலிருந்த குடியிருப்பு, வடக்கே சுமார் 150 மைல் தொலைவிலிருந்த ஜோவா ஹேவன். இத்தகைய இடத்தில் ஒரு குடும்பத்தின் ஆதரவின்றி ஒருவர் குளிர்காலமொன்றைக் கடத்தல் இயலாது. பிறிக்ஸ் விருந்தினராக வாழ நேர்ந்தமை விருப்பத்தால் மட்டுமன்று, உயிர்வாழ்தலின் தேவையாலுமாம் என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

அவர் முதலில் ஆராய எண்ணிய பொருள் இனுயிற் மக்களின் மந்திரவாத மரபு. அங்கு சென்றபோதோ, உட்கு மக்கள் ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்னரே அங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்துவிட்டமையும், நாள்தோறும் செபம் தவறாதோராக விளங்கியமையும் புலப்பட்டன. எண்ணிய பொருள் கைக்கு எட்டாமற் போயிற்று. அவருக்கு எஞ்சியது, தாம் வாழ்ந்த வீடும் அவ்வீட்டாரோடு தமக்கிருந்த உறவுமே. நூலின் பொருளாகிய உணர்ச்சி ஒழுங்கு, அதாவது ஒரு சமூகம் அன்பையும் சினத்தையும் எவ்வாறு வகுத்துக் காட்டவும் அடக்கவும் பயிற்றுகின்றது என்னும் வினா, இந்த நெருக்கடியிலிருந்தே பிறந்தது. ஆய்வுத்திட்டம் சிதைந்த இடத்திலே ஆய்வு தொடங்கியது என்று கூறினும் பொருந்தும்.

ஜோவா ஹேவனிலிருந்த இனுயிற் சமய ஊழியர் குடும்பமொன்று அவருக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தது. அதன் துணையுடன் சென்ற பிறிக்ஸ், இரு குடும்பத் தலைவர்கள் தம்மை மகளாக ஏற்க முன்வந்தபோது, நூலில் இனுற்றியாக் எனப் பெயரிடப்பட்டவரின் குடும்பத்தைத் தேர்ந்தார். (நூலில் வரும் அம்மக்களின் பெயர்கள் அனைத்தும் மாற்றுப் பெயர்களே.) இனுற்றியாக் அம்முகாமின் வழிபாடுகளை நடத்துபவர், அவர் மனைவி அல்லாக், அவர்களுக்குப் பெண்மக்கள். முப்பது வயதைக் கடந்த ஆய்வாளர், அவ்வீட்டில் யீனி என்ற பெயருடைய மகளானார். பதினேழு மாதங்கள் நீடித்த அவ்வுறவின் வரலாறே நூலின் முதுகெலும்பு.

3

இவ்விடத்து ஓர் அடிப்படை வினா எழுகின்றது. 'மகள்' என்பது மரியாதைக்குரிய உபசாரச் சொல்லா, அன்றேல் கடமைகளை உடைய ஒரு பதவியா? பிறிக்ஸ் அதனை முதலில் உபசாரமாகவே எண்ணியிருத்தல் கூடும். இனுற்றியாக்கோ அதனைப் பதவியாகவே கொண்டார். மகள் தந்தைசொற் கேட்க வேண்டும். தேநீர் காய்ச்ச வேண்டும். தன்னிடமுள்ள உணவுப்பொருளைக் குடும்பத்தின் பொதுச்சொத்தாகக் கருத வேண்டும். முகாம் பெயரும் காலத்தைத் தந்தையே முடிவு செய்வார். மறுபுறத்தில், தந்தை அவளுக்கு உணவும் உடையும் வழித்துணையும் அளிப்பார். குளிரில் விறைத்த அவள் கைகளைப் பற்றி அக்கறை கொள்வார். இவை இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தல் இயலாது.

உட்கு மொழியில் இதனைக் குறிக்கும் சொல் நக்லிக் என்பதாகும். பாதுகாப்பை வேண்டி நிற்கும் குழந்தை, நோயாளி, பசித்தவர் ஆகியோர்மீது ஒருவர் கொள்ளும் அன்பு அது. தமிழில் 'பரிவு' என்னும் சொல் ஓரளவு அதற்கு நெருங்கும். அன்பும் இரக்கமும் அதில் ஒன்றாய்க் கலந்துள்ளன. பரிவுக்கு உரியவர் ஆகும் ஒருவர், அதே கணத்திற் பரிபவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவரும் ஆகின்றார். தனித்து வாழ்ந்தும், தன் நேரத்தைத் தானே வகுத்தும் பழகிய ஒரு பட்டதாரிப் பெண்ணுக்கு இப்பரிவு ஆறுதலாகவும் விலங்காகவும் அமைந்தது. பனிவீட்டின் கூரை உருகிச் சொட்டும் வேளையில் தட்டச்சுப்பொறியைக் காத்துக் குறிப்பெழுத முயல்வதும், தனிமை வேண்டித் தவிப்பதும், வருவோர் போவோர்க்கெல்லாம் தேநீர் வழங்க வேண்டியிருப்பதும் நூலில் ஒளிவின்றிச் சொல்லப்படுகின்றன. சிறு செய்திகளாகத் தோன்றும் இவைதாம் பின்னர் நேரும் பெரும் முறிவுக்கு வழிசமைப்பவை.

மற்றொரு சொல் இஹுமா. அறிவு, நினைவு, நிதானம், தன்னடக்கம் ஆகிய யாவற்றையும் அது உள்ளடக்கும். நம்மூரில் 'புத்தி தெளிதல்' என்று கூறும் வழக்கு இதற்கு அயலானதன்று. குழந்தைக்கு இஹுமா இல்லை. ஆகவே அது வீறிட்டு அழுதாலும் அடித்தாலும் எவரும் அதைக் கடிந்துகொள்வதில்லை. புத்தி வராத பிள்ளையோடு வாதாடுவதிற் பயன் யாது? வயது ஏற ஏற இஹுமா வளரும். வளர்ந்தவர் எவர்மீதும் சினம் காட்டார். சினப்பவர் எவ்வயதினராயினும், அச்செயலால் தம்மைக் குழந்தையெனக் காட்டிக்கொள்கின்றார். பனிவீட்டிற் பிறிக்ஸ் அவ்வப்போது முகம் சுளித்தபோதும் மௌனத்தில் ஆழ்ந்தபோதும், அமெரிக்க வழக்கில் அவை பொருட்படுத்தத்தகாத சிறுகோபங்கள். உட்கு வழக்கிலோ அவை வளர்ந்த பெண்ணொருத்தியின் புத்தியின்மைக்குச் சான்றுகள். வீட்டார் அவற்றைக் குழந்தைக்குக் காட்டும் பொறுமையோடு ஏற்றனர். அப்பொறுமையைத் தம்மை ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமென அவர் எண்ணினார். இருதரப்பாரும் ஒரே நிகழ்ச்சியை எதிரெதிராகப் பொருள்கொண்ட இந்நிலையைச் சித்திரிக்கும் பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் அடங்கும்.

4

1964 கோடையில் முறிவு ஏற்பட்டது. கோடைகாலத்தில் வாடகை விமானங்களில் வெளியாட்கள் சிலர் பொழுதுபோக்காக மீன்பிடிக்க அங்கு வருவதுண்டு. உட்கு மக்களிடம் அப்பொழுது பயன்படு நிலையில் இருந்தவை இரண்டு ஓடங்கள் மட்டுமே. வந்தோர் ஒன்றை இரவல் வாங்கிச் சேதப்படுத்தினர். பின்னர் எஞ்சிய மற்றொன்றையும் கேட்டனர். அது இனுற்றியாக்குக்கு உரியது. மீன்வலையும் போக்குவரத்தும் அதனையே நம்பியிருந்தன. தமக்குள் முறுமுறுத்த மக்கள், வெள்ளையர் முன்னிலையிற் புன்னகையோடு இணங்கினர். மொழிபெயர்ப்பாளராக நின்ற பிறிக்ஸாற் பொறுக்க இயலவில்லை. வந்தோரின் தலைவரிடம், இவ்வோடமும் பழுதடைந்தால் இம்மக்களின் கதி என்னாகும் என்று கடுமையாகக் கூறினார். உடையவருக்கு இரவல் கொடுக்க விருப்பமில்லை என்றும் சொன்னார். பின்னர் இனுற்றியாக்கின் பக்கம் திரும்பி அவர் கருத்தை வினவினார். இனுற்றியாக், வழமைக்கு மாறாக உரத்த குரலில், கேட்பவரின் விருப்பப்படியே ஆகட்டும் என்றார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும் எவரும், முதலிற் பிறிக்ஸின் பக்கமே சாய்வர். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அவர் தமக்காகச் சினக்கவில்லை. தமக்கு உணவளித்தோருக்காகச் சினந்தார். ஆனால் வீட்டார் கண்டது வேறு. அந்நியர் முன்னிலையில் அவர்கள் வீட்டு மகள் அடக்கமிழந்தாள், தந்தை சொல்லாததைச் சொன்னாள், வல்லமையுடையோரைப் பகைத்தாள். வணிக நிலையமும் அரசாங்க உதவியும் வெள்ளையர் கையிலிருந்த ஓரிடத்தில், அவர்களுக்கு இணங்கிப் போதல் கோழைத்தனமெனக் கருதப்படத்தக்கதன்று. பல்லாண்டு அனுபவம் கற்பித்த பாதுகாப்பு முறை அது. பிறிக்ஸ் மீண்டும் விமானமேறித் தம் நாடு செல்லக்கூடியவர். அவர் சினத்தின் விளைவை அனுபவிக்க வேண்டியவர்கள் அங்கேயே இருப்போர். பிறருக்காகச் சினப்பவர், அச்சினத்துக்குரிய விலையை யார் செலுத்துவர் என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். இந்த வினாவை நூலாசிரியர் வெளிப்படையாக எழுப்பவில்லை. ஆயினும் அவர் தந்துள்ள விவரங்களே அதனை எழுப்பப் போதியன.

இதன்பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் அவர் ஒதுக்கப்பட்டார். அவ்வொதுக்கத்தின் தன்மை கூர்ந்து நோக்கற்பாலது. எவரும் அவரை ஏசவில்லை, போகச் சொல்லவில்லை, உணவை மறுக்கவில்லை. கேட்டதற்கு விடை தந்தனர். கொடுத்ததை நன்றியோடு பெற்றனர். அவர் கூடாரத்துக்கு வருவோர் மட்டும் குறைந்தனர்; உரையாடல் அவர் அருகில் வந்ததும் ஓய்ந்தது. உபசாரமே மதிலாயிற்று. தாம் ஒதுக்கப்பட்டுள்ளோம் என்பதை உணரவே அவருக்குச் சிலகாலம் சென்றது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரம் முழுவதும் விருந்தளிப்போரை நோக்கியே பேசுகின்றது. விருந்தினரைப் பற்றிக் கூறுமிடத்தும், அனிச்சத்தினும் மெல்லியராய், விருந்தளிப்போரின் முகம் சற்றே மாறினும் வாடிவிடுவோராகவே அவர்களைக் காட்டுகின்றது. பிறிக்ஸின் நூல் அவ்வுவமையை மறுதலையாக்கிக் காட்டுகின்றது எனலாம். இங்கு விருந்தினரின் முகம் மாறியது, வாடியவர்கள் வீட்டார். விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாய்ப் புனையப்படும் செய்யுளையும் தொல்காப்பியம் அப்பெயராற் குறிக்கும். புதுமையை ஏற்பதிலுள்ள அபாயம் ஏற்பவருக்கே மிகுதி. இருபது முப்பது பேர் மட்டும் வாழும் முகாமில், ஒரே பனிவீட்டின் படுக்கை மேடையில் அருகருகே உறங்குவோரிடையே, அடக்கமற்ற சினம் உயிராபத்தாகவும் முடியலாம். ஒருபோதும் சினவாத ஒருவர் சினந்தால் கொலையும் செய்வார் என்ற அச்சம் அங்கு நிலவியதை நூலாசிரியரே குறித்துள்ளார்.

5

நூலின் நேர்மை பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. அப்பாராட்டு தகுதியானதே. தம்மைத் தாழ்த்திக் காட்டும் நிகழ்ச்சிகளை அவர் மறைக்கவில்லை. தம் உணர்ச்சியையும் உட்கு உணர்ச்சிகளையும் ஒரே அளவுகோலால் அளந்தார். எனினும், தன்னைத்தான் வெளிப்படுத்தல் என்பது தன்னளவிலேயே உண்மைக்கு உத்தரவாதமாகாது. ஒருவர் தம்மைப் பற்றி எவ்வளவு கூறினும், எதைக் கூறுவது என்பதைத் தேர்பவர் அவரே. வீட்டார் பக்கக் கதை நமக்கு எங்கே கிடைக்கும்?

இவ்வினாவுக்கு நூலிலேயே ஒரு பகுதி விடை உண்டு. சமயப் பரப்புநர் புகுத்திய அசையெழுத்தில் உட்கு மக்கள் எழுதவும் வாசிக்கவும் வல்லவர்கள். ஓடச் சம்பவத்தின் பின் முகாமிலிருந்து ஜோவா ஹேவனுக்குக் கடிதமொன்று எழுதப்பட்டது. வெள்ளைக்காரப் பெண் எளிதிற் சினக்கின்றாள், ஏசுகின்றாள், அவள் போய்விட்டால் நன்று என்ற பொருளில் அமைந்த அக்கடிதத்தைப் பற்றிப் பிறிக்ஸ் பின்னரே அறிந்தார். அறிந்தபின் அதனைத் தம் நூலிற் சேர்த்தார். அவர் அவர்களைப் பற்றிக் குறிப்பெழுதிக் கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களும் அவரைப் பற்றி எழுதினர். ஆய்வுக்குட்பட்டோர் ஆய்வாளரைப் பற்றி எழுதிய விமரிசனமாக அக்கடிதத்தைக் கொள்வதே பொருத்தம். சில வரிகளே ஆயினும், நூலின் பல பக்க விளக்கங்களுக்கு ஈடான கனம் அவற்றுக்கு உண்டு. இணக்கம் மீண்டதும் எழுத்தினாலேயே. பிறிக்ஸ் தம் நிலையை விளக்கி ஜோவா ஹேவனிலிருந்த பெண்ணொருவருக்கு எழுதினார். அப்பெண், அவர் சினந்தது அம்மக்களின் நன்மை கருதியே என்பதைக் குடும்பத்துக்குப் புரியவைத்தார். நேரிற் பேசமுடியாததை, இரு பண்பாடுகளையும் அறிந்த மூன்றாமவர் ஒருவரின் கடிதம் பேசியது.

இனி நூலின் குறைகளை நோக்குவோம். முதலாவது, தலைப்பு. 'ஒருபோதுஞ் சினவாது' என்பது உட்கு இலட்சியத்தைக் கூறும், வாழ்வைக் கூறாது. நாய்களை ஈவிரக்கமின்றி அடித்தல், புறங்கூறல், இரு உறவுக் குழுக்களிடையே புகைந்த மனக்கசப்பு, குறிப்பாக இனுற்றியாக்கின் உள்ளக் கொந்தளிப்பு ஆகியவற்றை நூலே விரிவாகத் தருகின்றது. சினம் அங்கு இல்லாமலில்லை. அதற்குரிய இடமும் வடிவமும் வேறு. தலைப்பை மட்டும் நினைவிற் கொள்ளும் வாசகர், சினமறியாச் சாதுக்கள் எனும் பழைய கற்பனையைத் தூக்கிச் செல்லும் அபாயம் உண்டு. மனிதரைத் தேவராக்குவதும் அவரை அறிய மறுப்பதன் ஒரு வகையே.

இரண்டாவது குறை மேலும் ஆழமானது. நூலின் அதிகாரங்கள் குடும்ப உறவுகளையொட்டி அமைந்துள்ளன: முதலில் தந்தை, அடுத்துக் குடும்ப அன்பு, பின்னர் பிற உறவுக் குழுக்கள். இறுதி அதிகாரம் 'வெள்ளைக்கார மகள்' எனப் பிறிக்ஸைப் பற்றியது. அதற்கு நேர்முன்னுள்ள அதிகாரம் 'பாடசாலைச் சிறுமியர்' என்பது. இனுவிக் நகரின் உறைவிடப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டு வீடு திரும்பிய சிறுமியர், அவர்களுள் இனுற்றியாக்கின் மூத்த மகளும் ஒருத்தி, பழைய ஒழுங்கிற் பொருந்த இயலாது முரண்டுபட்டமையை அது விவரிக்கின்றது. இவ்விரு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலானதன்று. ஒரே வீட்டில் இரு மகளிர்: வெளியிலிருந்து உள்ளே வந்தவள் ஒருத்தி, உள்ளிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டு மீண்டவள் மற்றொருத்தி. இருவரும் வேற்றுப் பண்பாட்டின் கூரையின்கீழ் வாழ்ந்தோர். இருவரும் தம் வீட்டாரின் உணர்ச்சி ஒழுங்கோடு மோதினர்.

இந்த ஒப்புமையை நூல் சுட்டி நிற்கின்றது. ஆயின் வேற்றுமையை அழுத்தமாகக் கூறவில்லை. பிறிக்ஸ் தாமே விரும்பிச் சென்றவர். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தவர். பட்டமும் நூலும் பெற்றவர். சிறுமியரோ, அரசாங்கமும் திருச்சபைகளும் வகுத்த கல்வி முறைமையின்படி, பெற்றோரைப் பிரிந்து நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் வைக்கப்பட்டோர். அவர்களை மகளாக ஏற்க அங்கு எவரும் முன்வரவில்லை. விடுதி மட்டுமே இருந்தது. உறைவிடப் பாடசாலைகளின் கொடுமைகளுக்காகக் கனடா அரசாங்கம் 2008 இல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரியது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015 இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. இவற்றின் பின் அவ்வதிகாரத்தை வாசிப்போர், சிறுமியரின் முரண்டை உணர்ச்சிப் பயிற்சியின் தளர்வென மட்டும் கொள்ளல் இயலாது. சமூகமொன்றின் உணர்ச்சி ஒழுங்கு, அதன் பொருளியல் அரசியற் பகைப்புலத்தினின்று பிரித்தறியப்படும்போது, பண்பாடு வரலாறற்ற ஒன்றாகத் தோன்றிவிடும். ஓடத்தை மறுக்க இயலாமையும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப மறுக்க இயலாமையும் ஒரே அதிகார உறவின் இரு முகங்கள். முன்னதைப் பண்புநலமென வியந்து, பின்னதைக் குடும்பச் சிக்கலென விவரிப்பின், இரண்டுக்கும் பொதுவான காரணம் கண்ணில் படாமற் போகும்.

இக்குறையை ஆசிரியரின் காலத்தோடு இணைத்தே மதிப்பிட வேண்டும். 1960களின் மானிடவியல், ஆளுமையும் பண்பாடும் பற்றிய வினாக்களிற் பெரிதும் ஈடுபட்டிருந்தது. குடியேற்ற ஆதிக்கத்தின் விளைவுகளைத் தன் மையப் பொருளாகக் கொள்ளும் நிலைக்கு அது பின்னரே வந்தது. மேலும், பிறிக்ஸ் அம்மக்களைப் பட்டத்தோடு மறந்தவரல்லர். மீண்டும் அவர்களிடம் சென்றார். இனுயிற் குழந்தை வளர்ப்பைப் பற்றி 1998 இல் மற்றொரு நூலை வெளியிட்டார். அவர்களது கிளைமொழிக்கு அகராதி தொகுக்கும் பணியில் முதுமையிலும் ஈடுபட்டார். ஜோவா ஹேவன் இன்று, 1999 இல் உருவான நூனவுற் ஆள்புலத்தைச் சேர்ந்தது. பனிவீட்டில் வாழ்ந்த உட்கு குடும்பங்கள் நிலையான குடியிருப்புகளுக்குப் பெயர்ந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களது சொற்கள் சில மறைந்துபோகாமல் ஏட்டில் நிலைபெற்றமையில், எளிதிற் சினந்த அந்த மகளுக்கும் பங்குண்டு.

6

இந்நூலின் நடை பற்றியும் கூறுதல் வேண்டும். கலைச்சொற்களைக் குவித்து வாசகரை அச்சுறுத்தும் வழக்கம் அவரிடம் இல்லை. குழந்தை பிறந்ததும் தாய்மடியை இழந்த மூன்று வயதுச் சிறுமியின் அழுகை, விருந்தாளி வந்துவிட்டதால் நின்றுபோன தட்டச்சு, கோடைக் கூடாரத்திற் புகும் காற்று ஆகியவற்றினூடாகவே கருத்துகள் புலப்படுகின்றன. உணர்ச்சிச் சொற்களுக்கான விளக்கமோ நூலின் இறுதியிற் பின்னிணைப்பாக முறைப்படுத்தித் தரப்பட்டுள்ளது. கதையும் அகராதியும் ஒன்றையொன்று சரிபார்க்கும்படி அமைந்த இவ்வமைப்பு, இலக்கிய மாணவருக்கும் மொழியியல் மாணவருக்கும் ஒருங்கே பயன்படுவது. அன்பு, இரக்கம், நாணம், அச்சம் முதலிய சொற்களை மெய்ப்பாட்டியல் வழியே கற்ற நமக்கு, வேறொரு சமூகம் தன் உள்ளத்தை வேறு எல்லைகளிட்டுப் பகுத்துள்ளதைக் காணல் பெரும் பயன் தருவதாகும்.

நாட்டார் பாடலைத் தொகுக்கவோ, பேச்சுவழக்கை ஆராயவோ, பல்கலைக்கழகத்தினின்று கிராமங்களுக்குச் செல்லும் மாணவர்களும் ஏதோவொரு வீட்டிற் தங்கியே பணிபுரிகின்றனர். மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடப்போரும் அந்நியர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அந்நாட்டை முதலில் அறிகின்றனர். அவர்கள் எழுதும் ஆய்வேடுகளின் முன்னுரையில், அவ்வீட்டாருக்கு நன்றி கூறும் ஒரு வரி காணப்படும். அவ்வரிக்குப் பின்னால் எத்தனை நாட்களின் உணவும் பொறுமையும் மனத்தாங்கலும் அடங்கியுள்ளன என்று நாம் கேட்பதில்லை. பிறிக்ஸ் அந்த ஒரு வரியை ஒரு நூலாக விரித்தார். அவ்வாறு விரித்தமையால், பண்பாட்டறிவு என்பது பார்வையால் மட்டும் பெறப்படுவதன்று, ஒரு வீட்டின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டும் அதை மீறியும் பெறப்படுவது என்பதை நிலைநாட்டினார்.

ஆயினும் அவர் விரித்தது தம் பக்கத்து வரியையே. இனுற்றியாக்கும் அல்லாக்கும், வளர்ந்தும் புத்தி தெளியாத ஒரு மகளைப் பதினேழு மாதம் பனியிலும் பஞ்சத்திலும் காத்தமையைப் பற்றித் தாமே எழுதியிருப்பின், அந்நூல் எவ்வாறு அமைந்திருக்கும்? முகாமிலிருந்து சென்ற அச்சிறு கடிதம் அதற்கு ஒரு முன்னுரையாக நிற்கின்றது. இனுவிக்கிலிருந்து மீண்ட சிறுமியரின் தலைமுறையும் அவர்தம் பிள்ளைகளும் தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதிவரும் இக்காலத்தில், எஞ்சிய பக்கங்களை எதிர்பார்த்தல் வீணாகாது. அவை வரும்போது பிறிக்ஸின் நூல் மதிப்பிழக்கப் போவதில்லை. அருகில் வைத்து ஒப்பிட்டு வாசிக்கத்தக்க, நம்பகமான ஒரு சாட்சியமாக அது பயன்படும்.